நெல்லையில் வெளியே சாப்பிட: புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

படிப்புக்கோ வேலைக்கோ திருநெல்வேலிக்கு வந்து இறங்குகிறவர்கள் பலரும் முதல் சில வாரங்களை ஒரே கடையில் கழித்துவிடுகிறார்கள். தங்கியிருக்கும் அறைக்குப் பக்கத்தில் ஏதாவது ஓர் உணவகம் இருக்கும். அங்கே எந்த நேரத்திலும் எல்லாம் கிடைக்கும்: மதியம் மூன்றரைக்குத் தோசை, காலை பதினொன்றுக்குப் பரோட்டா, இரவு எட்டுக்குச் சோறு. வயிறு நிறைந்துவிடும். ஊருக்குப் போய், "நெல்லைச் சாப்பாடு என்று பெரிதாகச் சொன்னார்கள், அப்படி ஒன்றும் இல்லையே" என்று சொல்லவும் செய்வார்கள். எனக்கு அதைக் கேட்க வருத்தமாக இருக்கும்.

இந்த ஊரில் ஒவ்வொரு பண்டத்துக்கும் ஒரு வேளை உண்டு, பெரும்பாலும் ஒரு தெருவும் உண்டு. வேளை தப்பிப் போனால் அதே கடையில், அதே மாஸ்டர் கையால் வந்தாலும் பாதி ருசிதான். கடைகளின் பட்டியலைத் தேடுவதற்கு முன்னால் வேளையைப் படித்துக்கொள்ளுங்கள். கீழே நான் சொல்வதெல்லாம் அந்த ஒன்றைச் சுற்றித்தான்.

முதலில், ஊரின் அமைப்பு

நெல்லை இரட்டை நகரம். தாமிரபரணிக்கு ஒரு கரையில் திருநெல்வேலி, மறு கரையில் பாளையங்கோட்டை. 1843-இல் திறக்கப்பட்ட சுலோசன முதலியார் பாலம் இன்றும் இரண்டையும் இணைத்துக்கொண்டிருக்கிறது. சாப்பாட்டுக்காக இந்த ஊரை ஐந்து பகுதிகளாக மனத்தில் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஜங்ஷன்: ரயில் நிலையமும் பழைய பேருந்து நிலையமும் ஈரடுக்கு மேம்பாலமும் இருக்கும் பகுதி. அதிகாலையிலும் பின்னிரவிலும் பசித்தவர்களுக்கு இதுதான் இடம். டவுன்: நெல்லையப்பர் கோயிலும் நான்கு ரத வீதிகளும் ஜவுளிக் கடைகளும். சைவச் சிற்றுண்டியும் அல்வாவும் இங்கே. வண்ணார்பேட்டை: மருத்துவமனைகள், புதிய கட்டடங்கள், குளிர்சாதன உணவகங்கள். வெளியூர் விருந்தினரை நிம்மதியாக உட்காரவைத்துப் பேச வேண்டும் என்றால் அங்கே போகலாம். பாளையங்கோட்டை: கல்லூரிகள் நிறைந்த ஊர், அதனால் மெஸ்கள் நிறைந்த ஊர். மேலப்பாளையம்: பிரியாணி, ரமலான் மாதத்தில் நோன்புக் கஞ்சி, மாலைக்குப் பிறகு உயிர்பெறும் கறிக்கடைத் தெருக்கள்.

வேய்ந்தான்குளத்தில் இருக்கும் புதிய பேருந்து நிலையத்தில் இறங்குகிறவர்கள் அதையே ஊர் என்று நினைத்து அங்கேயே சாப்பிட்டுவிடுவதைப் பார்க்கிறேன். அவசரம் இல்லாவிட்டால் ஒரு டவுன் பஸ் பிடித்து உள்ளே வாருங்கள்.

காலை: சீக்கிரம் போங்கள், சுருக்கமாகக் கேளுங்கள்

ஜங்ஷனிலும் டவுனிலும் சைவ ஹோட்டல்கள் விடிந்ததுமே சுறுசுறுப்பாகிவிடும். முதல் ஈடு இட்லியும் முதல் வாளிச் சாம்பாரும் ஒன்றுசேரும் நேரம் காலை ஏழிலிருந்து எட்டரை வரை. இட்லி, பொங்கல், பூரி கிழங்கு, உளுந்தவடை ஆகியவை அப்போது. ரவா தோசை வேண்டுமென்றால் கூட்டம் கொஞ்சம் தணிந்தபின் கேளுங்கள். நெரிசல் நேரத்தில் கல் சரியாகக் காய அவகாசம் இருக்காது, தோசை தொய்ந்து வரும்.

பரிமாறுகிறவர் வந்து ஒரே மூச்சில் பதினைந்து பெயர்களை ஒப்பிப்பார். புதியவர்களுக்கு அதில் பாதி காதில் விழாது. தடுமாற வேண்டாம். "அண்ணாச்சி, இப்போது சூடாக என்ன இருக்கிறது?" என்று கேளுங்கள். அண்ணாச்சி என்று கூப்பிட்டால் இந்த ஊரில் முகம் மலரும். கல்லாவில் இருப்பவருக்கும் பரிமாறுகிறவருக்கும் அது பொருந்தும். அந்தக் கேள்விக்கு அவர் சொல்லும் பதிலைத் தட்டாமல் வாங்கிக்கொள்ளுங்கள். இட்லிக்கு மிளகாய்ப்பொடி கேட்டால் நல்லெண்ணெயையும் சேர்த்துக் கேளுங்கள். காபியில் இனிப்பு குறைவாக வேண்டுமென்றால் "சீனி குறைவாக" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இங்கே கை கொஞ்சம் தாராளம்.

எதிரில் முன்பின் அறியாத ஒருவர் வந்து உட்காருவார். அது இங்கே இயல்பு. நீங்களும் காலியாக இருக்கும் நாற்காலியைப் பார்த்து, "ஆள் வருகிறார்களா?" என்று கேட்டுவிட்டு உட்காரலாம்.

கோடையில் வந்திருந்தால் காலைக்கு இன்னொரு வேலை இருக்கிறது. பாளையங்கோட்டையிலிருந்து திருச்செந்தூர் போகும் சாலையில் பதநீர் விற்பார்கள். பனையோலைப் பட்டையில் ஊற்றி, நுங்கைக் கீறிப் போட்டுத் தருவார்கள். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவி இறக்குவதால்தான் அது புளிக்காமல் இருக்கிறது. வெயில் ஏறிவிட்டால் பழைய சுவை இருக்காது. பத்து மணிக்குமேல் போய்க் கேட்காதீர்கள்.

மதியம்: மெஸ்ஸில் உட்காரும் முறை

மதியச் சாப்பாட்டுக்கு என் பரிந்துரை மெஸ்தான். பெரிய உணவகத்தில் தட்டில் சின்னச் சின்னக் கிண்ணங்களை அடுக்கி வரும் சாப்பாடு பார்வைக்கு நன்றாக இருக்கும். மெஸ்ஸில் இலை போடுவார்கள், சோறு கேட்கக் கேட்க வரும், குழம்பு அன்றைக்குக் காலையில் அரைத்த மசாலாவில் இருக்கும். பாளையங்கோட்டையில் கல்லூரிகளையும் அரசு மருத்துவமனையையும் ஒட்டிய தெருக்களில் வீட்டின் முன்கட்டையே சாப்பாட்டுக் கூடமாக்கி நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். பெயர்ப்பலகை சின்னதாக இருக்கும். வாசலில் செருப்புகளும் இருசக்கர வாகனங்களும் பன்னிரண்டரைக்கே சேர்ந்திருந்தால் தயங்காமல் உள்ளே போங்கள்.

நேரம் மிக முக்கியம். பன்னிரண்டரைக்கும் ஒன்றேகாலுக்கும் இடையே போனால் கூட்டு, பொரியல், அவியல் எல்லாம் இருக்கும். இரண்டு மணிக்குமேல் போனால் பொரியல் தீர்ந்து அப்பளமும் ஊறுகாயும்தான் கைகொடுக்கும். அப்பளத்தைக் குறைத்துச் சொல்லவில்லை. கல்லிடைக்குறிச்சி அப்பளம் கிடைக்கும் நாட்டில் இருக்கிறோம்.

அளவுச் சாப்பாடு, முழுச் சாப்பாடு என்று இரண்டு இருக்கும். பல இடங்களில் முதலில் கல்லாவில் பணம் கட்டி டோக்கன் வாங்க வேண்டும். முதல் தடவை முழுச் சாப்பாடே வாங்குங்கள். இலை வந்ததும் கொஞ்சம் தண்ணீர் தெளித்துத் துடையுங்கள். இலையின் குறுகிய நுனி உங்கள் இடக்கைப் பக்கம் இருக்க வேண்டும். மாறிப் போட்டிருந்தால் திருப்பிக்கொள்ளலாம், யாரும் தவறாக எடுக்க மாட்டார்கள்.

சோற்றைப் பார்த்துச் சிலர் முகம் சுளிப்பார்கள். குட்டையாக, தடித்து இருக்கிறதே என்பார்கள். சென்னையில் மெல்லிய பொன்னி அரிசிக்குப் பழகியவர்களுக்கு அப்படித் தோன்றும். தாமிரபரணிப் பாசனத்தில் அம்பாசமுத்திரத்து நெல் ஆராய்ச்சி நிலையம் கொடுத்த அம்பை 16 போன்ற குண்டு ரகங்கள் இந்தப் பக்கத்துச் சமையலறைகளில் நிலைத்துவிட்டன. குழம்பை உறிஞ்சி வாங்கிக்கொள்ளும் சோறு அது. இரண்டு நாள் சாப்பிட்டுப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

சாம்பாரில் ஆரம்பித்து, புளிக்குழம்பு அல்லது வற்றல் குழம்பு, பிறகு ரசம், கடைசியில் மோர். நான்கு தடவை சோறு வாங்க வேண்டியிருப்பதால் முதல் இரண்டு தடவை குறைவாக வாங்குங்கள். பரிமாறுகிறவரின் கரண்டி இலைக்கு மேலே வரும்போதே கையைக் குறுக்கே காட்டிவிட வேண்டும். விழுந்தபிறகு வேண்டாம் என்று சொல்லிப் பயனில்லை. வாங்கியதை மிச்சம் வைப்பது இங்கே நன்றாகப் பார்க்கப்படாது. இதை நான் அழுத்திச் சொல்வேன். எவ்வளவு வேண்டுமானாலும் போடும் இடத்தில் வீணாக்காமல் சாப்பிடுவது பரிமாறுகிறவருக்குச் செய்யும் மரியாதை.

இலையை உங்களை நோக்கி மடக்குங்கள். சில மெஸ்களில் இலையை நீங்களே எடுத்துப் போட வேண்டும்; பக்கத்தில் இருப்பவர் என்ன செய்கிறார் என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

அசைவ மெஸ் என்றால் மீனுக்குத் தனிக் கவனம் கொடுங்கள். தூத்துக்குடியிலிருந்தும் உவரிப் பக்கத்துக் கடற்கரைகளிலிருந்தும் மீன் வரும் ஊர் இது. "என்ன மீன் இருக்கிறது?" என்ற பொதுவான கேள்வியோடு நிறுத்தாமல், "இன்று எது வந்தது?" என்றும் கேளுங்கள். சாளையோ அயிலையோ வந்திருந்தால் குழம்பு, சீலா வந்திருந்தால் வறுவல். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அந்த இரண்டு மாதமும் பெரிய மீன்களின் விலை ஏறும், வெளியூர்க் கிடங்கிலிருந்து வந்ததும் கலக்கும். நாட்டுப்படகுகளில் வரும் சிறுமீன்களை அப்போது தேர்ந்தெடுங்கள். தடைக்காலத்தில் சீலா வறுவல் கேட்டு அடம்பிடிப்பதில் பொருளில்லை.

நான்கு மணி: வடை நேரம்

இதைப் பலர் தவறவிடுகிறார்கள். மாலை நான்கிலிருந்து ஐந்தரை வரை டீக்கடைகளில் எண்ணெய்ச் சட்டி ஏறியிருக்கும். ஆமவடை, உளுந்தவடை, பஜ்ஜி. தட்டில் குவிந்திருப்பதை எடுக்காமல் சட்டியிலிருந்து அடுத்து இறங்குவதற்காக இரண்டு நிமிடம் நில்லுங்கள். ஹோட்டல்களில் ரசவடை இருக்கிறதா என்று கேளுங்கள். ரசத்தில் ஊறிப் பதமாக இருக்கும் அந்த வடை இந்த வட்டாரத்துக்குப் பிடித்த ஒன்று. இனிப்பு பிடித்தவர்கள் கருப்பட்டிக் காபி கேட்கலாம். உடன்குடிக் கருப்பட்டி பக்கத்திலேயே காய்ச்சப்படுகிறது.

இரவு: பரோட்டாக் கடையைப் புரிந்துகொள்ளுதல்

இரவு ஏழு மணிக்குமேல் இந்த ஊரின் தெருக்களில் கேட்கும் சத்தத்தை வைத்தே வழி கண்டுபிடித்துவிடலாம். கல்லில் கொத்துக்கரண்டிகள் இரண்டும் மோதும் ஓசை எங்கிருந்து வருகிறதோ அங்கே போங்கள்.

பரோட்டாக் கடையைத் தேர்ந்தெடுக்க ஒரு வழி சொல்கிறேன். உள்ளே உட்காருவதற்கு முன் கல்லைப் பாருங்கள். பரோட்டாவைச் சுட்டு அடுக்கி வைத்துவிட்டு, கேட்கும்போது சூடுகாட்டித் தருகிற கடை ஒரு வகை. உருண்டைகள் எண்ணெயில் ஊறிக்கொண்டிருக்க, மாஸ்டர் வீசிச் சுருட்டி, ஆள் உட்கார உட்காரச் சுட்டுப் போடும் கடை இன்னொரு வகை. இரண்டாவதுக்குப் போங்கள். சுட்டதும் நாலைந்தைச் சேர்த்து இரண்டு கையாலும் பக்கவாட்டில் அடிப்பார். அடுக்குகள் பிரிந்து பஞ்சாகும். அந்த அடி விழுந்து ஐந்து நிமிடத்துக்குள் உங்கள் இலைக்கு வர வேண்டும். ஆட்கள் விடாமல் வந்துகொண்டிருக்கும் ஏழரையிலிருந்து ஒன்பதரை வரை போனால் இது தானாக நடக்கும். அதிகக் கூட்டம் இருக்கும் நேரத்தில் பரோட்டாக் கடைக்குப் போகச் சொல்வதற்கு இதுதான் காரணம்.

சால்னா இலவசமாகவே வரும், கேட்டால் திரும்பவும் வரும். கறி போடாத வெறும் சால்னாவிலேயே ஒரு கடையின் தரம் தெரிந்துவிடும். மேலே எண்ணெய் மிதந்தாலும் அடியில் தேங்காயும் கசகசாவும் சோம்பும் அரைத்த கனம் இருக்க வேண்டும். தண்ணீராக ஓடினால் அடுத்த தடவை வேறு கடை பாருங்கள். பரோட்டாவைப் பிய்த்துப் போட்டுச் சால்னாவை மேலே ஊற்றி ஒரு நிமிடம் ஊறவிட்டுச் சாப்பிடுவது இந்த ஊர் வழக்கம். சிலருக்குத் தொட்டுச் சாப்பிடத்தான் பிடிக்கும். முதல் பரோட்டாவைத் தொட்டும் இரண்டாவதை ஊறவைத்தும் சாப்பிட்டுப் பாருங்கள், உங்கள் கட்சி எது என்று தெரிந்துவிடும்.

முதல் நாளே கொத்துப் பரோட்டாவுக்குப் போகாதீர்கள். கொத்தில் மசாலாவும் முட்டையும் சேர்ந்து பரோட்டாவின் தரத்தை மறைத்துவிடும். முதலில் சாதா, அடுத்து வீச்சு, பிறகு கொத்து. காரம் தாங்காதவர்கள் கொத்துக்குச் சொல்லும்போதே "மிளகு குறைவாக" என்று சொல்ல வேண்டும். குடிக்க ஏதாவது வேண்டுமென்றால் பொவன்டோ. விருதுநகரில் தொடங்கிய காளிமார்க் நிறுவனத்தின் இந்தப் பானம் இந்தப் பக்கத்துப் பரோட்டாக் கடைகளின் பழைய கூட்டாளி. சர்பத் விரும்புகிறவர்கள் எலுமிச்சை பிழிந்த நன்னாரி சர்பத் கேட்கலாம்.

புரட்டாசி மாதத்தில் அசைவக் கடைகளில் கூட்டம் குறையும். சில கடைகள் சமைக்கும் அளவையும் குறைத்துக்கொள்ளும். ரமலானில் மேலப்பாளையம் பக்கம் பகலில் பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும், நோன்பு திறந்தபிறகு இரவு நெடுநேரம் ஓடும். அந்த மாதத்தில் மாலைத் தொழுகை முடிந்தபின் ஒரு நாள் போய்ப் பாருங்கள். கஞ்சி, வடை, சமோசா, கறிவகைகள் என்று தெருவே சமையலறையாக இருக்கும். கடைக்காரரை "பாய்" என்று அழைத்து என்ன நன்றாக இருக்கும் என்று கேட்டால் எடுத்துக்காட்டித் தருவார்கள்.

சென்னையிலிருந்து வந்தே பாரத் ரயிலில் வருகிறவர்கள் இரவு பத்து மணிக்குமேல்தான் இறங்குவார்கள். அந்த நேரத்தில் சைவ ஹோட்டல்கள் பெஞ்சுகளைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கும். சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்கள் ரயிலிலேயே முடித்துவிடுவது நல்லது. மற்றவர்களுக்கு ஜங்ஷன் சுற்றுவட்டாரத்தில் கல் சூடாகத்தான் இருக்கும்.

டவுனுக்கு ஒரு மாலையை ஒதுக்குங்கள்

அல்வாவைப் பற்றி நிறையக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதை ஒரு பெட்டியில் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு ஊருக்குப் போவது ஒரு காரியம். நின்று சூடாகச் சாப்பிடுவது வேறு காரியம். இரண்டாவதைச் செய்யாமல் முதலாவதைச் செய்யாதீர்கள்.

சம்பா கோதுமையை ஊறவைத்து அரைத்துப் பால் எடுத்து, சீனிப்பாகும் நெய்யும் சேர்த்து மணிக்கணக்கில் கிண்டுவது இந்த அல்வா. பழுப்பு நிறம் பாகிலிருந்து வருவது. நெய்யைப் பிரித்துக்கொண்டு வழுக்கும் பதத்தில் இருக்கும், மெல்ல வேண்டிய அவசியம் இருக்காது. இந்தப் பதத்துக்குத் தாமிரபரணித் தண்ணீரே காரணம் என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள்; ஆற்றின் மேல் அவ்வளவு பற்று.

நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே கீழ ரத வீதியில் இருக்கிறது இருட்டுக்கடை. மாலையில் மட்டும் திறக்கும், சரக்கு தீர்ந்ததும் மூடிவிடும். அதே பெயரைக் கொஞ்சம் மாற்றியும் மாற்றாமலும் எழுதிவைத்த கடைகள் ஊரெங்கும் உண்டு. கோயிலை நோக்கி நடந்து, வரிசையைப் பார்த்து நில்லுங்கள். ஆட்டோக்காரரிடம் பெயரை மட்டும் சொல்லி ஏறினால் வேறெங்காவது இறங்க நேரிடலாம். "கீழ ரத வீதி, கோயில் வாசல்" என்று சொல்லுங்கள். திறப்பதற்குக் கொஞ்சம் முன்பே போய்விட வேண்டும். தீபாவளி, பொங்கல் சமயங்களிலும் ஆனித் தேரோட்டத்தின்போதும் வரிசை தாங்காது. அந்த நாட்களில் ஜங்ஷனில் இருக்கும் சாந்தி ஸ்வீட்ஸ் போன்ற பழைய கடைகளுக்குப் போவதில் குறைவொன்றும் இல்லை. அங்கே பகலிலும் கிடைக்கும். அங்கும் பெயர்ப் போலிகள் பக்கத்திலேயே இருப்பதால் பலகையை முழுதாகப் படித்துவிட்டு ஏறுங்கள்.

கேட்கும் முறை: முதலில் நின்று சாப்பிட நூறு கிராம். இலைத்துண்டில் வைத்துத் தருவார்கள், கையிலேயே எடுத்துச் சாப்பிடுங்கள். முடிந்ததும் கொஞ்சம் மிக்சரோ காரச்சேவோ வாயில் போட்டுக்கொள்ளுங்கள். திகட்டலை அது எடுத்துவிடும், ஊர்க்காரர்கள் செய்வதும் அதுதான். பிறகு வீட்டுக்குக் கால் கிலோவோ அரைக் கிலோவோ கட்டச் சொல்லுங்கள். குளிர்பெட்டியில் வைக்க வேண்டாம், நெய் உறைந்து இறுகிவிடும். வெளியிலேயே சில நாட்கள் தாங்கும். சாப்பிடும்போது வாணலியில் இலேசாகச் சூடுகாட்டினால் பதம் திரும்பும்.

வாங்கியாகிவிட்டதா, ரத வீதிகளை ஒரு சுற்று நடந்து வாருங்கள். கல்யாணத்துக்குப் பட்டு எடுக்க வந்த குடும்பங்கள் எந்த ஹோட்டலில் கூட்டமாகச் சிற்றுண்டிக்கு ஏறுகின்றன என்று பாருங்கள். பாட்டியும் குழந்தையுமாக வருகிறவர்கள் நம்பி ஏறும் கடை அது.

ஹோட்டலில் அகப்படாத சமையல்

நெல்லையின் உயர்ந்த சாப்பாடு வீடுகளுக்குள்ளே இருக்கிறது. சொதி, கூட்டாஞ்சோறு, உளுந்தஞ்சோறு, அன்றன்றைக்கு வறுத்து இடித்த பொடியில் வைக்கும் இடிசாம்பார் ஆகியவை சாதாரண ஹோட்டல் பட்டியலில் வருவதில்லை. அதனால் புதிதாக வந்தவர்கள் வருடக்கணக்கில் இருந்தும் இவற்றின் பெயரைக்கூடக் கேட்காமல் போய்விடுகிறார்கள். அது பெரிய இழப்பு.

சொதி தேங்காய்ப்பாலில் செய்வது. பாசிப்பருப்பு, கேரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு, முருங்கைக்காய், சின்ன வெங்காயம், பூண்டு, பச்சை மிளகாய். புளி கிடையாது, மிளகாய்ப்பொடி கிடையாது. முதல் பால் கடைசியில் சேரும். அதன்பின் கொதிக்க விடாமல் இறக்கி எலுமிச்சை பிழிவார்கள். சோற்றில் தாராளமாக ஊற்றி, இஞ்சித் துவையலும் பொரித்த உருளைக்கிழங்கும் வைத்துச் சாப்பிட வேண்டும். தேங்காய்ப்பால் மந்தம் தரும் என்பதால் இஞ்சி கட்டாயம். கல்யாணத்துக்கு மறுநாள், மறுவீட்டு விருந்தில் மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொதி வைப்பது நெல்லைச் சைவக் குடும்பங்களின் வழக்கம்.

கூட்டாஞ்சோறு அரிசி, துவரம்பருப்பு, காய்கள், முருங்கைக்கீரை எல்லாவற்றையும் தேங்காய் அரைப்போடு சேர்த்து ஒரே பாத்திரத்தில் ஆக்குவது. உளுந்தஞ்சோறு தோலுளுந்தும் பூண்டும் தேங்காயும் சேர்ந்தது. எள்ளுத் துவையல் இல்லாமல் அதைப் பரிமாறக் கூடாது.

இவற்றைச் சாப்பிட வழிகள் மூன்று. முதலாவது, உடன் வேலை செய்கிறவர்களிடம் ஆசையை வாய்விட்டுச் சொல்லுங்கள். "சொதி சாப்பிட்டதே இல்லை" என்று ஒருவர் சொல்லிக் கேட்ட பிறகு சும்மா இருக்க நெல்லைக்காரர்களால் முடியாது. கல்யாண அழைப்பு வந்தால் முகூர்த்தத்தோடு நிறுத்தாமல் மறுநாள் விருந்துக்கும் கூப்பிடுவார்கள், போங்கள். இரண்டாவது, வீட்டிலிருந்தே சமைத்துக் கொடுக்கும் பெண்கள் இப்போது பெருகியிருக்கிறார்கள். பெருமாள்புரம், என்.ஜி.ஓ. காலனி போன்ற குடியிருப்புப் பகுதிகளில் விசாரித்தால் தெரியும். முந்தின நாள் மாலைக்குள் சொல்லிவிட வேண்டும், நான்கைந்து பேருக்குச் சேர்த்துச் சொன்னால் மகிழ்ச்சியாகச் செய்வார்கள். ஆச்சிமார் கைப்பக்குவம் அங்கே கிடைக்கும். மூன்றாவது, மெஸ்காரரிடம் கேட்டு வைப்பது. ஞாயிற்றுக்கிழமைகளில் வழக்கமான பட்டியலிலிருந்து மாறிச் சமைக்கிற மெஸ்கள் உண்டு. நாலு பேர் விடாமல் கேட்டால் அடுத்த வாரம் கூட்டாஞ்சோறு ஆக்குவார்கள்.

தனியாக வரும் பெண்களுக்கு

காலையும் மதியமும் எந்தச் சைவ ஹோட்டலிலும் மெஸ்ஸிலும் தயக்கமின்றித் தனியாக உட்காரலாம். செவிலியர்களும் ஆசிரியைகளும் மாணவிகளும் அப்படித்தான் சாப்பிடுகிறார்கள். இரவுப் பரோட்டாக் கடைகளில் முன்கூடம் பெரும்பாலும் ஆண்களாக இருக்கும். மாடியிலோ பின்னாலோ குடும்ப அறை இருக்கும், "பேமிலி ரூம் எங்கே?" என்று நேராகக் கேளுங்கள். தனியாக இருந்தாலும் அங்கே உட்கார உங்களுக்கு உரிமை இருக்கிறது. மறுத்தால் அந்தக் கடைக்கு மறுபடி போக வேண்டியதில்லை.

பார்சலும் பில்லும்

தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. ஆனாலும் கொதிக்கும் சால்னாவை மெல்லிய பையில் கட்டித் தரும் கடைகளை இன்னும் பார்க்கலாம். அறையில் ஒரு தூக்குச்சட்டி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பாத்திரம் கொண்டுபோனால் சால்னாவும் சாம்பாரும் கூடவே ஊற்றுவார்கள். பரோட்டாவை வாழையிலையில் கட்டச் சொல்லுங்கள். இலை வாடும் மணம் ஏறி இன்னும் நன்றாக இருக்கும்.

ஸ்விக்கி, சொமேட்டோ இங்கும் இருக்கின்றன. பிரியாணிக்கு அவை போதும். வடை, தோசை, பரோட்டா மூன்றையும் செயலி வழியாக வரவழைக்காதீர்கள். பயணம் அவற்றைக் கெடுத்துவிடும், விலையும் பெரும்பாலும் கடைவிலையைவிடக் கூடுதல்.

பில்லைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். சாதாரண உணவகங்களில் ஜிஎஸ்டி 5 சதவீதம். இரண்டரை, இரண்டரையாகப் பிரித்துக் காட்டியிருப்பார்கள். விற்பனையில் ஒரு சிறு விகிதத்தைத் தாங்களே வரியாகக் கட்டிவிடும் காம்போசிஷன் திட்டத்தில் இருக்கும் சிறிய கடைகள் வாடிக்கையாளரிடம் தனியாக வரி வாங்கக் கூடாது. சேவைக் கட்டணம் என்று தனியாக ஒரு தொகை சேர்த்திருந்தால் எடுத்துவிடச் சொல்லலாம். உணவகங்கள் அதைத் தாமாகவே பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் விதித்தது. டெல்லி உயர் நீதிமன்றமும் 2025 மார்ச்சில் அதை உறுதிசெய்தது. பேசித் தீராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. கெட்டுப்போன சாப்பாடு என்றால் கடையில் மாட்டியிருக்கும் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணைக் குறித்துக்கொண்டு மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் புகார் கொடுங்கள். மெஸ்ஸில் அன்பளிப்பு எதிர்பார்க்க மாட்டார்கள். உட்கார்ந்து சாப்பிடும் ஹோட்டலில் பரிமாறியவருக்குப் பத்தோ இருபதோ வைத்தால் போதும். யுபிஐ எங்கும் இருந்தாலும் சில்லறை வைத்திருங்கள். பதநீர்க்காரருக்கும் பழைய டீக்கடைகளுக்கும் தேவைப்படும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, செங்கோட்டைப் பக்கம்

ஊர் பழகியபிறகு தென்காசிப் பக்கம் போய் வாருங்கள். நெல்லைச் சீமையின் சாப்பாட்டில் பாதி மலையடிவாரத்தில் இருக்கிறது. 2019-இல் தென்காசி தனி மாவட்டமாகிவிட்டது; நாக்கு அந்தக் கோட்டைக் கண்டுகொள்ளவில்லை.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குற்றாலத்தில் சாரல். காலை நேரத்தில் அருவியில் குளித்தபின் வரும் பசி தனி ரகம். அங்கிருந்து செங்கோட்டை அருகே பிரானூர் பார்டருக்குப் போனால் ரஹ்மத் கடை. பரோட்டா சின்னதாக இருக்கும். வாழையிலையில் பிய்த்துப் போட்டுச் சால்னா ஊற்றித் தருவார்கள். நாட்டுக்கோழியும் காடையும் அங்கே கேட்க வேண்டியவை. சாரல் மாதங்களின் ஞாயிறு மதியம் அங்கே இடம் பிடிப்பது கடினம். பன்னிரண்டுக்கு முன்னால் போங்கள், அல்லது மூன்றரைக்குமேல் போங்கள். இன்னும் நல்லது, ஞாயிற்றை விட்டு வாரநாளில் விடுப்பு எடுப்பது.

நெல்லையிலிருந்து அம்பாசமுத்திரம் வழியாகச் செங்கோட்டைக்கு ரயில் போகிறது. வழியில் சேரன்மகாதேவியும் கல்லிடைக்குறிச்சியும் வயலும் வாய்க்காலுமாக வரும். சன்னல் இருக்கை பிடியுங்கள். திரும்பும்போது கல்லிடைக்குறிச்சியில் இறங்கி அப்பளக்கட்டு வாங்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் ஏறலாம். பாசஞ்சர் ரயில்கள் அடிக்கடி இல்லாததால் திரும்பும் வண்டியின் நேரத்தைப் புறப்படும்போதே ஜங்ஷனில் விசாரித்துக்கொள்ளுங்கள். தவறிவிட்டால் தென்காசியிலிருந்து நெல்லைக்கு இரவிலும் பஸ் உண்டு.